சாவா மூவாப் பேராடு

ஒரு சின்னக் கணக்கு. கோயிலுக்கு ஒருவர் 96 ஆடுகள் தானம் கொடுக்கிறார். அந்த ஆடுகளின் பாலில் எடுத்த நெய்யால் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். எத்தனை நாளைக்கு எரியும்?

ஆட்டுக்கு ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருஷம், விளக்குக்கும் அவ்வளவுதான் என்று நீங்கள் சொன்னால் சோழர் காலத்து ஆசாமிகள் சிரிப்பார்கள். கல்வெட்டில் அவர்கள் போட்ட கெடு, சந்திரனும் சூரியனும் இருக்கும் வரை.

அதெப்படி? அதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடு. தேவலோகத்திலிருந்து வரம் வாங்கி வந்த ஆடு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊர் ஆடுதான். மன்றாடி என்று கல்வெட்டு சொல்லும் இடையர் ஒருவரிடம் 96-ஐயும் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், நரி தூக்கிக்கொண்டு போகும்... அதெல்லாம் அவர் பாடு. என்றைக்குப் போய் எண்ணினாலும் பட்டியில் 96 இருக்க வேண்டும். கிழட்டு ஆட்டுக்குப் பதில் ஒரு குட்டி. இவருக்குப் பிறகு இவர் மகன். ஒவ்வோர் ஆடாகச் செத்துக்கொண்டே இருக்கும். மந்தை மட்டும் சாகாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு விகிதமே உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. அரியலூர் மாவட்டத்துப் பழுவூர்க் கோயில்களிலும் இப்படிப்பட்ட நந்தா விளக்குக் கொடைகள் உண்டு. ஆமாம், அதே பழுவூர்தான். 'பொன்னியின் செல்வ'னில் நம்மைப் பயமுறுத்திய பழுவேட்டரையர்களின் ஊர். கல்கி அவர்களை ஆகாயத்திலிருந்து பிடித்து வரவில்லை. அந்தப் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு இல்லையென்றால் மீசையும் இல்லை, வந்தியத்தேவனுக்கு வம்பும் இல்லை.

இந்த ஆட்டுக் கதையை இப்போது எடுக்கக் காரணம், கம்ப்யூட்டர்.

பல்கலைக்கழகங்களில் 'டிஜிட்டல் ஹியூமானிடீஸ்' என்று ஒன்று வந்திருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஓலைச்சுவடி, கல்வெட்டு, பழைய புத்தகம், பாட்டி சொன்ன கதை, இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஏற்றிய பிறகு, முன்னால் கேட்க முடியாத கேள்விகளைக் கேட்பது. 96 ஆடு கொடுத்தவர்கள் எந்தெந்த ஊர், அதில் பெண்கள் எத்தனை பேர், எந்த நூற்றாண்டில் ஆட்டுக்குப் பதில் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள் என்று ஆயிரம் கல்வெட்டை ஒரே நேரத்தில் கேட்கலாம். தனி ஆள் உட்கார்ந்து புரட்டினால் ஆயுசு போய்விடும்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு, முன்பிருந்த நிலைமையைச் சொன்னால் போதும். 1886-ல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியரைச் சென்னையில் அரசுக் கல்வெட்டு அறிஞராக நியமித்தார்கள். அன்றிலிருந்து ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் காகிதத்தை இறக்கி, மேலே மை ஒற்றி எடுத்தார்கள். மைப்படி என்று பெயர். அந்த அலுவலகம் ஊட்டிக்குப் போய், 1966-ல் மைசூருக்குப் போனது. கூடவே நம் மைப்படிகளும் போயின. பெரம்பலூர் பக்கத்து வாலிகண்டபுரத்துப் பையன் தன் ஊர்க் கோயில் சுவரில் எழுதியிருப்பதன் படியைப் பார்க்க வேண்டுமென்றால் மைசூருக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. அதைப்பற்றி வழக்கே நடந்து, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது.

வெளிநாட்டிலும் வேலை நடக்கிறது. 2019-ல் 'தர்மா' என்ற பெயரில் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் ஓர் ஆறு ஆண்டுத் திட்டம் ஆரம்பித்தது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலிக்காரர்கள் சேர்ந்து தமிழ், சமஸ்கிருதம், ஜாவா, கம்போடியக் கல்வெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஓர் எழுத்து தெளிவாகத் தெரிந்ததா, தேய்ந்திருந்ததா, உடைந்துபோன இடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்துப் போட்டதா என்று தனித்தனியாகக் குறி போட்டாக வேண்டும். நாம் பேசுகிற பேச்சுக்கு இப்படி ஒரு விதி இருந்தால் பாதி மேடைகள் காலியாகிவிடும். சரி, அது வேறு கதை.

ஆக, நல்ல காரியம். சந்தேகமே இல்லை. இப்போது என் கேள்விக்கு வருகிறேன்: ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அதைக் காப்பாற்றியதாக அர்த்தமா?

எல்லாரும் ஆமாம் என்றுதான் நினைக்கிறோம். "ஸ்கேன் பண்ணியாச்சு சார், இனிமே பயமில்லை." கருத்தரங்குகளில் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். இணையதளத் தொடக்க விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். துணைவேந்தர் ஒரு திரி, வந்த விருந்தினர் ஒரு திரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் விளக்கு அணைந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து அந்த இணையதளத்தைத் தேடினால், 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை'. திட்டத்தின் நிதி முடிந்திருக்கும். பார்த்துக்கொண்ட ஆராய்ச்சி மாணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கும். வருஷா வருஷம் கட்டவேண்டிய முகவரிக் கட்டணத்தைக் கட்ட ஆளிருக்காது.

நம்மை மட்டும் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். 1086-ல் இங்கிலாந்தில் ராஜா வில்லியம் நாடு முழுக்க நிலம், மாடு, ஏர் எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதினார். 'டூம்ஸ்டே புக்' என்று பெயர். 900 வருஷம் ஆனதைக் கொண்டாட, 1986-ல் பி.பி.சி. புதிதாக ஒரு டூம்ஸ்டே தயாரித்தது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாவற்றையும் அன்றைய அதிநவீன லேசர் டிஸ்க்கில் ஏற்றினார்கள். பதினைந்து பதினாறு வருஷத்தில் என்ன ஆயிற்று? அந்த டிஸ்க்கைப் படிக்கிற மெஷின் உலகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம். நிபுணர்கள் வந்து மெனக்கெட்டு மீட்டெடுக்க வேண்டியிருந்தது. ஆட்டுத் தோலில் எழுதிய 1086-ஆம் வருஷத்துப் புத்தகம் லண்டனில் சௌக்கியமாக இருக்கிறது.

ஏன் இப்படி? யோசித்துப் பார்த்தால், கல்லுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. நம் அலட்சியத்தை அது மன்னிக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகரம் போனது, அரண்மனை செங்கல் குவியலாகி மாளிகைமேடு என்று பெயர் மட்டும் மிஞ்சியது. சுற்றிலும் ஆடு மேய்ந்தது. எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆளே இல்லாமல் பல நூறு வருஷம் போனது. கல்வெட்டு பொறுமையாகக் காத்திருந்தது. யாரும் தினமும் வந்து துடைக்கவில்லை, எண்ணெய் போடவில்லை.

பனை ஓலை அவ்வளவு தாராளம் கிடையாது. அது இருநூறு, முந்நூறு வருஷம் பொறுக்கும். அதற்குள் யாராவது பார்த்துப் புது ஓலையில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் செல்லும் பூச்சியும். அப்படி எழுதிவிட்டுப் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது வழக்கம். எழுதாமலே விட்டவர்களும் உண்டு. நம் சங்கப் பாட்டு எழுதப்பட்ட காலத்து ஓலை ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. இருப்பதெல்லாம் படியின் படியின் படி. அதாவது, சாவா மூவாப் பேராடு.

அந்த மந்தையின் கடைசிப் பெரிய மன்றாடியாக உ.வே.சாமிநாதையரைச் சொல்லலாம். அவர் பையனாக அலைந்ததும் இந்தச் சீமையில்தான். அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம், குன்னத்தில் குடித்தனம், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் 'காரிகை' என்று குடும்பமே தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆளைத் தேடி ஊர் ஊராக மாறியது. பிற்காலத்தில் ஏடு தேடி எத்தனையோ ஊர் போனார். யார் யார் வீட்டில் ஏடு கிடைத்ததோ அவர்கள் பெயரையெல்லாம் முன்னுரையில் போட்டார். இந்தக் கதைகளை அவர் ஆனந்த விகடனில் 1940-லிருந்து வாரா வாரம் 'என் சரித்திரம்' என்று எழுதினார். 1942-ல் அவர் காலமானதோடு அது பாதியில் நின்றது. வாரப் பத்திரிகை வாசகர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள உரிமை உண்டு.

கல் ஆயிரம் வருஷ அலட்சியத்தை மன்னிக்கும். ஓலை முந்நூறு. ஹார்ட் டிஸ்க்? பத்து வருஷம் அலமாரியில் போட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். உங்கள் கல்யாண வீடியோ சி.டி. இன்றைக்கு ஓடுகிறதா? ஓட்டுவதற்கு வீட்டில் மெஷின் இருக்கிறதா?

நாம் என்ன செய்திருக்கிறோம் என்றால், கல்லில் இருந்ததை எடுத்து மறுபடி ஆடாக மாற்றியிருக்கிறோம். ஆடு மட்டமில்லை. ஆடு நடக்கும், ஊர் ஊராகப் போகும், குட்டி போடும். லண்டனில் இருப்பவனும் குன்னத்தில் இருப்பவனும் ஒரே நேரத்தில் பழுவூர்க் கல்வெட்டைப் படிக்கலாம். ஆனால் ஆட்டுக்கு இடையர் வேண்டும். தினமும் வேண்டும். நாம் ஆட்டை வாங்கிப் பட்டியில் அடைத்துவிட்டு, இடையர் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இந்த வேலை என்னவென்பதை மதுரைத் திட்டக்காரர்களைக் கேட்டால் தெரியும். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. ஸ்விட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரம் முன்னின்றார். பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு குறியீட்டில் ஏற்றியதைப் பிறகு டிஸ்கிக்கு மாற்றினார்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் மந்தையை மொத்தமாகப் புதுப் பட்டிக்கு ஓட்டுகிற வேலை. இதற்கு விழா கிடையாது, பொன்னாடை கிடையாது. நூலின் தலைப்பில் தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று பெயர் மட்டும் போடுவார்கள்.

பெயர் போடுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரையும் இலக்கியத்தையும் முதலில் சேர்த்தவர் என்று ராபர்ட்டோ புஸா என்ற இத்தாலியப் பாதிரியாரைச் சொல்வார்கள். 1949-ல் ஐ.பி.எம். முதலாளியைப் பார்த்து, தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்கு மெஷினில் சொல்லடைவு செய்ய உதவி கேட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். அச்சில் 56 தொகுதிகள் வந்தன. துளை அட்டையில் அந்தச் சொற்களைக் குத்தியது இளம்பெண்கள். புஸாவின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அந்தப் பெண்கள் யார் யார் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் தேட ஆரம்பித்தார்கள். ராஜராஜன் இந்த விஷயத்தில் தேவலாம். தஞ்சைக் கல்வெட்டில் எந்த ஆடு எந்த இடையரிடம் என்று ஊர் பேரோடு எழுதிவைத்தான்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "அந்த இடையருக்கு மட்டும் என்ன தலையெழுத்து? ராஜா ஆடு கொடுப்பான், ரெண்டு தலைமுறைக்கு அப்புறம் பிறந்தவன் நெய் அளக்கணுமா?" நியாயமான கேள்வி. இஷ்டப்பட்டு வாங்கினார்களா, தலையில் கட்டினார்களா என்பதைக் கல்வெட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல ஊர்களில் இடையர்கள் ஒருவருக்கொருவர் புணை நின்றிருக்கிறார்கள். இவன் செத்தாலும், ஊரைவிட்டு ஓடினாலும் நெய்க்கு நாங்கள் ஜவாப்தாரி என்று. அது ஒற்றுமையாகவும் இருக்கலாம், கழுத்தில் போட்ட கயிறாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உழக்கு நெய் போக மிச்சப் பால் அவருடையது. 96-க்கு மேல் பிறந்த குட்டி அவருடையது. கடமையோடு பிழைப்பும் சேர்ந்து வந்தது. கொடுத்தவர் புத்திசாலி, விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு 'யாராவது எரியவிடுங்கப்பா' என்று போகவில்லை. நாம் அப்படித்தான் போகிறோம். ஸ்கேனர் வாங்கப் பணம் உண்டு, ஏ.ஸி. அறைக்கு உண்டு, தொடக்க விழா மலருக்கும் உண்டு. பத்தாவது வருஷம் கோப்புகளைத் திறந்து, எது கெட்டிருக்கிறது என்று பார்க்கிற ஆளுக்கு ஒரு தலைப்பில்கூடப் பணம் ஒதுக்கியிருக்காது. தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். பால் நமக்கு, நெய் அவர்கள் கையிலிருந்து. இதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன், சுரண்டல் என்றுதான் சொல்வேன்.

"எல்லாத்தையும் எதுக்கு சார் காப்பாத்தணும்? கொஞ்சம் மறந்தாத்தான் என்ன?" என்றும் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். மறப்பதும் மனுஷ சுபாவம். எல்லா விளக்கும் எல்லா நாளும் எரிய வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் மறப்பதிலும் ரெண்டு தினுசு இருக்கிறது.

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். கல் வேண்டியிருந்தது. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலின் மதிற்சுவரை இடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். சிற்ப வேலைப்பாடு உள்ள கற்களும் போயின. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கம்பெனி சர்க்கார் கேட்கவில்லை. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதை நிறைவேற்றவில்லை என்று அன்றைய ஆங்கிலக் குறிப்பே வெட்கத்தோடு சொல்கிறது. அந்த அணையால் எத்தனையோ ஏக்கர் நெல் விளைகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டது; சோறா, சுவரா என்று. தப்போ சரியோ, முடிவெடுத்த கை ஒன்று இருந்தது. அதன் எதிரே போய் நிற்க ஜனங்களுக்கு ஓர் இடம் இருந்தது.

ஓர் இணையதளம் சாகும்போது அந்த இடம் இல்லை. யாரும் இடிக்கவில்லை. யாரும் முடிவெடுக்கவில்லை. ஒரு கட்டணம் கட்டவில்லை, ஒரு பாஸ்வேர்டு தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவ்வளவுதான். 2009-ல் யாஹூ தன் ஜியோசிட்டீஸை மூடியது. இலவசமாக இடம் கொடுத்தார்கள் என்று உலகம் முழுக்க ஜனங்கள் எழுதிவைத்த பக்கங்கள் அதில் இருந்தன. தமிழர்களின் பக்கங்களும்தான். எந்த ஊர் ஜனம் எந்தச் சுவர் முன்னால் போய் மறியல் செய்யும்?

பழைய கல்வெட்டுகளின் கடைசியில் ஒரு வழக்கமான வரி வரும். இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவரின் பாதம் என் தலைமேல் என்ற அர்த்தத்தில். ஆடு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், அவ்வளவு பெரிய மனுஷர், எப்போதோ பிறக்கப்போகிற யாரோ ஒருவர் காலில் முன்கூட்டியே விழுகிறார். அழிக்கிறவனுக்குச் சாபமும் உண்டு. அது கிடக்கட்டும். சாபத்துக்குப் பயப்படாதவனைக்கூட இந்த நமஸ்காரம் கொஞ்சம் சங்கடப்படுத்தும். நாம் கேட்கவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் ஒருவர் விழுந்துவிட்டார். காலை நகர்த்திக்கொள்ளலாம்தான்.

இந்த இடையர் வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அதற்கு முன்னால் திருச்சி. 2001-ல் அரியலூரைப் பிரித்தார்கள், அடுத்த வருஷமே மறுபடி சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். அந்த ஊர் தபால்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பழைய கல்வெட்டு அறிக்கைகளிலோ அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் 'திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா' என்ற கணக்கில் இருக்கின்றன. அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், அரியலூர் என்று தேடுகிற அரியலூர்க் கல்லூரி மாணவிக்கு அவள் சொந்த ஊர் கிடைக்காது. கல்வெட்டு இருக்கும், படம் இருக்கும், எல்லாம் இருக்கும், அவளுக்கு மட்டும் இருக்காது. யாராவது உட்கார்ந்து ஊர் ஊராகப் பழைய பெயருக்குப் பக்கத்தில் புதுப் பெயரைச் சேர்க்க வேண்டும். லீவு நாளில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தால் செய்துவிடலாம். பத்து வருஷம் கழித்து வேறொரு வகுப்பு உட்கார வேண்டியிருக்கும், அதற்குள் இன்னொரு மாவட்டம் பிறந்திருந்தால்.

உங்களுக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர் இருந்தால், இன்றைக்கே ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஊர் பெயரோடு 'திருச்சி' என்றும் சேர்த்துப் போடுங்கள். கிடைத்தால் ஒரு படி இறக்கி வைத்துக்கொண்டு, ஊரில் இன்னும் ரெண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.